அகலப் பக்கம்

கிளிஞ்சல் கொட்டகையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ரெட்டைக்கண்ணாடி என்பார்கள். படிக்கிற கண்ணாடிக்கு மேல் இன்னொரு தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை செய்வதால் வந்த பெயர். இரண்டையும் போட்டுக்கொண்டால் ஒரு முழத் தூரத்துக்குள் மயிரிழைக் கீறல்கூடத் தப்பாது. அதற்கு அப்பால் ஆள் நிற்கிறாரா அலமாரி நிற்கிறதா என்று தெரியாது. அவளுக்கு இரண்டு பெயரும் தெரியும். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது ஐம்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "விளிம்பு உடையாம ஒண்ணும் வரலை" என்பாள். தரம் பிரிக்கிறவள் வாயில் அந்தப் பதில் பொருத்தமாகவே இருந்தது. யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

கொட்டகை நீளமான தகரக் கட்டடம். வலை இழுக்கிற படகுகளில் மீனோடு சேர்ந்து வரும் சங்குகளும் கிளிஞ்சல்களும் முதலில் வரவு மேசையில் கொட்டப்படும். உள்ளே உயிர் இருப்பதையும் காலியானதையும் கைக் கனத்தாலேயே அங்கே பிரிப்பார்கள். உயிருள்ளவை கொப்பரை அறைக்குப் போகும். கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, வளைத்த கம்பியால் சதையைச் சுருள் பிரியாமல் இழுத்துவிட வேண்டும். பாதியில் அறுந்தால் ஒரு வாரத்தில் நாறும். கடைசியாகத் தர மேசை. அங்கே அக்கா கட்டைவிரலை விளிம்பில் ஓடவிட்டு, பழுதில்லாததை அலமாரிக்காரர்களுக்கும் மற்றதைப் பொத்தான் அறுப்பவர்களுக்கும் ஒதுக்குவாள். காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர்களைத்தான் அலமாரிக்காரர்கள் என்றார்கள்.

அலமாரிக்காரர்கள் அதிகம் கேட்டது கூம்புச் சங்குகளை. அதிலும் ஒரு வகையின் மேல் நாட்டு எல்லைகளை வரைந்ததுபோல் பழுப்புக் கோடுகள் ஓடும். கொட்டகையில் அதற்குப் பெயர் மேப்பு. உள்ளே இருக்கும் நத்தை மீன் தின்னும். நத்தை நடந்துபோய் மீனைப் பிடிக்க முடியாதல்லவா? அதனால் அதற்கு ஒரு குழல் இருக்கிறது. குழலின் நுனியில் ஊசிபோன்ற ஒரு பல், பல்லுக்குள் விஷம். குத்திய இடத்திலேயே மீன் துடுப்பை அசைக்காமல் நின்றுவிடும். அதற்கு வலித்ததா என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சீக்கிரம் மரத்துவிடும். மனிதருக்கும் அதே விஷம்தான். ஆளின் அளவு பெரிது என்பதால் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

மேப்பைக் கையாள ஒரு விதி இருந்தது. குழல் கூர்ப்பக்கத்திலிருந்து வெளியே வரும். ஆகவே அகலப் பக்கத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். முத்துக்குளிக்கிறவர்கள் சொன்னது, படகுக்காரர்கள் சொன்னது, கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. அக்கா அதைச் சிவப்புப் பெயின்டால் வரவு மேசைக்கு மேலே சுவரில் எழுதினாள்: "அகலப் பக்கம் பிடி." இருபது வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விதி சரி என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்த இருபது வருடமும் படகுகள் மூன்று நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தன. சாக்கில் கிடந்த மேப்புகள் கொட்டகைக்கு வரும்போது பாதி செத்திருந்தன. பிறகு, காலையில் போய் மதியம் திரும்புகிற சின்னப் படகுகள் வந்தன. சரக்கு உயிரோடு வந்தது. விலை ஏறியதை எல்லோரும் கவனித்தார்கள்.

அந்தச் சமயத்தில் வரவு மேசையில் இருந்தவர் அக்காவின் தங்கை கணவர். கொட்டகையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடவே மாட்டார். மேனேஜர் மாதிரி பேசுவார், படகுக்காரரின் மனைவி மாதிரி பேசுவார், கொப்பரை கொதிக்கிற மாதிரிகூடப் பேசுவார். அக்காவை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு உடனே, "கிட்ட வந்து நிக்கட்டுமா, இல்ல அலமாரின்னு நினைச்சுத் துடைச்சிடுவீங்களா?" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர், "ஆ, ஈ கடிச்சிருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் மேசையிலிருந்து விலகிப்போய்க் கீழே உட்கார்ந்தார். நாக்குத் தடித்ததுபோல் பேசினார். "ரேடியோ ஸ்டேஷன் மாறிடுச்சு" என்றார் கொப்பரைக்காரர். அதற்கும் சிரித்தார்கள். அக்கா எழுந்து போய் அவர் கையைக் கண்ணாடிக்கு அருகே தூக்கிப் பார்த்தாள். விரலில் ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி.

"மேப்பா?"

அவர் தலையசைத்தார்.

"கூர்ப் பக்கம் பிடிச்சீங்களா மாப்பிள்ளை?"

"அகலப் பக்கம்தான் பிடிச்சேன் அண்ணி."

"இந்த நேரத்துலயும் பொய் சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

அவர் உதடு அசைந்தது. பதில் சொல்ல நினைத்தாரோ என்னவோ, வார்த்தை வரவில்லை. வண்டி எடுப்பதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. வழியிலேயே மூச்சு நின்றது.

மறுநாள் மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். "எப்படிப் பிடிச்சிருந்தார்?" அக்கா, "கூர்ப் பக்கம் பிடிச்சிருக்கணும்" என்றாள். அவர், "கூர்ப்பக்கத்தைப் பிடித்திருந்தார்" என்று எழுதி, கீழே "நேரில் பார்த்தவர்" என்று கையெழுத்துக்கு இடம் விட்டார். அக்கா படித்தாள், கையெழுத்துப் போட்டாள். பொய் எழுதியதாக அவளுக்குத் தோன்றவில்லை. விதியைக் கடைப்பிடித்தவரை மேப்பு குத்தாது. இவரைக் குத்தியிருக்கிறது. ஆகவே இவர் கடைப்பிடிக்கவில்லை. கணக்கு நேராக இருந்தது.

மூன்றாம் நாள் தங்கை கேட்டாள். "அக்கா, நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

அந்த நேரத்தில் அவள் தர மேசையில் இரண்டு கண்ணாடியோடு ஒரு சோழியின் பல்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவு மேசை பன்னிரண்டு அடி தள்ளி.

தங்கை அழவில்லை. புருஷன் மேல் கோபப்பட்டாள். கோபம் போகாமல் அப்படியே தங்கிவிட்டது. அவருடைய சட்டைகளை ஒரே நாளில் ஒழித்துக்கட்டினாள். அவரைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை பேசினால், "விளையாட்டா இருந்தே போய்ச் சேர்ந்தார்" என்று முடித்துவிடுவாள். மகள் கையிலிருந்து டம்ளர் நழுவினால், "அப்பன் புத்தி" என்பாள். அந்தப் பெண் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு நான்கு தடவை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தடவையும் இழுப்பாள்.

ரேடியோவின் இடத்துக்கு வேறு ஆள் வைக்கவில்லை. இரண்டு மேசையையும் அக்காவே பார்த்தாள்.

இந்த வருடம் ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும். அக்கா ஒரு மேப்பை எடுத்தாள். அகலப் பக்கத்தில் கட்டைவிரலும் இரண்டு விரல்களும். விளிம்பைப் பார்க்கத் திருப்பி, கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்தாள். கூர்ப்பக்கத்திலிருந்து வெளிறிய குழல் ஒன்று வந்தது. நுனி மட்டும் சிவப்பு. அது காற்றில் கொஞ்சம் தேடியது. பிறகு வளைந்து, ஓட்டின் மேலேயே பின்னால் ஊர்ந்தது. ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை. அது தன் விரலை நோக்கித்தான் வருகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதற்கு அங்கே வர வழியில்லை என்று இருபத்தாறு வருடமாகத் தெரிந்திருந்ததால். கட்டைவிரலின் அடியில் சுருக்கென்றது. பெரிய வலி இல்லை.

மேப்பை மேசையில் வைத்தாள். விரல்களை விலக்காமல், அவை இருந்த இடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அகலப் பக்கம்தான். பிறகு கொப்பரை அறை வாசலுக்குப் போனாள்.

"மேப்பு குத்திடுச்சு. வண்டிய எடு."

கொப்பரைக்காரர் கரண்டியைப் போட்டார். "என்னக்கா நீங்க! கூர்ப் பக்கமா பிடிச்சீங்க?"

"இல்ல. அகலப் பக்கம்."

"அப்புறம் எப்படிக்கா குத்தும்?"

"அத வண்டியில கேளு."

வண்டியில் அவர் கேட்கவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பாதி வழியில் அக்காவின் உதடு மரத்தது, பிறகு இமை கனத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. யாரோ அவளுடைய இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார்கள்.

"இதுக்கு மாத்து மருந்து கிடையாது" என்று ஒரு டாக்டரின் குரல் சொன்னது. "மூச்ச மட்டும் நாம கொடுத்துக்கிட்டே இருந்தா, விஷம் தானா இறங்கிடும்." தொண்டைக்குள் குழாய் இறங்கியது. மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது.

அக்கா மயங்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. காது மட்டும் வேலை செய்தது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பு பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற யாருடையதோ மாதிரி இருந்தது.

மதியம் தங்கையும் மகளும் வந்தார்கள். நாற்காலி இழுபடும் சத்தம். நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"சங்குல ஒரு பூச்சி" என்றாள் தங்கை. "எங்க வீட்டுக்காரரும் இதுலதான் போனார்."

"அய்யோ, அவருமா?"

"அவர் கதை வேற. அவர் விளையாட்டுப் புத்தி. கூர்ப் பக்கம் பிடிச்சார், எங்கக்கா கண்ணால பார்த்தா. அக்கா அப்படியில்ல. அவ ரொம்பக் கவனம். ஏதோ வயசாயிடுச்சு, கை தவறிடுச்சு."

மெஷின் நான்கைந்து மூச்சு விட்டது.

"பெரியம்மாவுக்குக் கேக்குமாம்மா?" என்றாள் மகள்.

"கேக்காது. நீ அந்த ஒயரை மிதிக்காதே. அப்பன் புத்தி."

இரவு எட்டு மணிவாக்கில் இமை அசைந்தது. மறுநாள் குழாயை எடுத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் திரும்பி வந்தது, வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் தவிர. ஊசியால் குத்திப் பார்த்தாள். சூடான பாத்திரத்தில் வைத்துப் பார்த்தாள், கொப்புளம் வந்தது, சூடு தெரியவில்லை.

கொட்டகைக்குப் போனபோது எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எல்லோர் ஆறுதலும் ஒன்றே. "வயசாயிடுச்சுக்கா, விடுங்க." "கண்ணு முன்ன மாதிரி இருக்குமா?" மேனேஜர், "கை தவறுறது சகஜம்மா" என்றார். அவள் அகலப் பக்கம் என்று சொன்னாள். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை அக்காவுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அவள் ரேடியோவுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். கை தவறியது என்று ஒப்புக்கொண்டால் விதியும் நிற்கும், சுவரும் நிற்கும், அவள் போட்ட கையெழுத்தும் நிற்கும். ரேடியோ மட்டும் அவருடைய வீட்டிலேயே விளையாட்டுப் புத்திக்காரராக இருந்துவிட்டுப் போவார். ஐந்து வாரம் அக்கா அப்படித்தான் இருந்தாள். தீர்மானம் செய்து இருக்கவில்லை. காலையில் எழுந்தாள், வேலைக்குப் போனாள், மரத்த விரலை விளிம்பில் ஓடவிட்டாள். விளிம்பு உடைந்த சங்குகள் நான்கு அலமாரிக்காரர்களுக்குப் போய்த் திரும்பி வந்தன.

ஆறாவது வாரம் ஒரு தொட்டியில் கடல்நீர் நிரப்பச் சொன்னாள். காலைப் படகில் வந்த மேப்பு ஒன்றை அதில் போட்டு, அது ஓட்டை விட்டுத் தலை நீட்டும் வரை காத்திருந்தாள். இடுக்கியால் அதை நடுவில் பிடித்துக்கொண்டு, இன்னொரு இடுக்கியால் ஒரு மீன் துண்டை அகலப் பக்கத்தில் வைத்தாள்.

"கொப்பரை, இங்க வா."

"தண்ணி கொதிக்குதுக்கா."

"கொதிக்கட்டும், வா."

குழல் வந்தது, தேடியது, வளைந்தது. ஓட்டின் முழு நீளத்தையும் கடந்து மீனைத் தொட்டது.

"அடேயப்பா!" என்றார் கொப்பரைக்காரர். "யானைத் தும்பிக்கை மாதிரில்ல போகுது! எங்க பிடிச்சாலும் வந்துரும் போலிருக்கே." பிறகு அவர் சிரிப்பு நின்றது. "அக்கா... அப்போ ரேடியோ..."

"ஆமா" என்றாள் அக்கா.

மேனேஜரும் வந்து பார்த்தார். இரண்டாவது தடவை காட்டச் சொன்னார். "இனிமே எல்லாரும் இடுக்கியிலதான் எடுக்கணும். சுவர்ல இருக்கறத இன்னிக்கே அழிச்சிடுங்க" என்றார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "பழைய பேப்பரை எல்லாம் கிளற வேண்டாம்மா. ஆறு வருஷமாச்சு. யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

அக்கா அன்று மதியமே தங்கையைப் பார்க்கப் போனாள். தங்கை ஒரு சலவைக் கடையின் பின்னறையில் இஸ்திரி போடுகிறாள். மேசையின் ஒரு பக்கம் கசங்கிய சட்டைகள், மறுபக்கம் மடித்தவை.

"என்னக்கா, வேலை நேரத்துல?"

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கை பாட்டுக்கு வேலை செய்யும்."

"நான் பார்க்கலை."

"எத?"

"மாப்பிள்ளை எந்தப் பக்கம் பிடிச்சிருந்தார்னு. பார்த்தேன்னு உன்கிட்ட சொன்னேன். பார்க்கலை. என் மேசையில இருந்தேன்."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்புறம் ஏன் சொன்னே?"

"வேற எப்படியும் குத்த முடியாதுன்னு நினைச்சேன். முடியும். என்னைக் குத்தினது அப்படித்தான். இன்னிக்குத் தொட்டியில விட்டுப் பார்த்தோம். எந்தப் பக்கம் பிடிச்சாலும் குத்தும்."

"நினைச்சத, பார்த்தேன்னு சொன்னியா?"

"ஆமா."

"எழுதியும் கொடுத்தியா?"

"ஆமா."

நீராவி ஒரு முறை புஸ்ஸென்றது. "அவர் ஒண்ணும் சொல்லலையா? அவரால சும்மா இருக்க முடியாதே."

"சொன்னார். அகலப் பக்கம்தான் பிடிச்சேன் அண்ணின்னார்."

"நீ?"

"பொய் சொல்லாதீங்கன்னேன்."

தங்கை அடுத்த சட்டையை எடுத்தாள். காலரைத் தேய்த்தாள். இரண்டு கைகளையும் தேய்த்தாள். பொத்தான் போட்டு மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். தன் மனதில் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். துணியின் சூட்டு வாசனை மட்டும் தெரிந்தது.

"அங்க டீ எத்தனை மணிக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"பத்தரைக்கு."

"எல்லாரும் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"சரி, போ."

மறுநாள் பத்தரைக்குத் தங்கை மகளோடு கொட்டகைக்குள் வந்தாள். புருஷன் இருந்தவரை வாசல் வரை வந்து சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போவாள். உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. கொப்பரைக்காரர் நாற்காலி கொண்டுவந்தார். அவள் உட்காரவில்லை.

"சொல்லுக்கா" என்றாள்.

அக்கா கண்ணாடிகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். பார்க்கவில்லை என்பதைச் சொன்னாள், பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். மேனேஜர் அறைக் கதவிலிருந்து, "போதும்மா, எல்லாருக்கும் புரிஞ்சுது" என்றார்.

"இன்னும் முடியல" என்றாள் தங்கை. "அவர் சொன்னதையும் சொல்லு."

அக்கா அதையும் சொன்னாள். தன் பதிலையும் சொன்னாள். டீ டம்ளர்களை யாரும் கீழே வைக்கவில்லை. மகள் அம்மாவின் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பேப்பர் எனக்கு வேணும்" என்று தங்கை மேனேஜரிடம் சொன்னாள். "அதுக்குக் கீழேயே அக்கா இத எழுதட்டும்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "எடுங்க சார்" என்றாள். கோப்பைத் தேட நேரம் பிடித்தது. அக்கா எழுதினாள். பேனா விரலில் இருப்பது தெரியாததால் அழுத்தி அழுத்தி எழுதினாள். ஓர் இடத்தில் காகிதம் கிழிந்தது. தங்கை வாங்கிப் படித்து மகளிடம் கொடுத்தாள். மகள் படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"அது குத்தினப்புறம் அவர் எங்க உட்கார்ந்தார்?" என்று தங்கை கேட்டாள்.

கொப்பரைக்காரர் கை காட்டினார். அந்த இடத்தில் இப்போது ஏற்றுமதிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. யாரும் சொல்லாமலே அவரும் இன்னும் இரண்டு பேரும் பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்தார்கள். அக்காவும் குனிந்து ஒன்றைத் தூக்கப் போனாள்.

"நீ தூக்காதே" என்றாள் தங்கை.

அக்கா நிமிர்ந்து ஒதுங்கினாள். கடைசிப் பெட்டியும் நகர்ந்தது. சிமென்ட் தரையில் தூசி சதுரம் சதுரமாக இருந்தது. தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றாள்.

"எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்?"

"கதவுப் பக்கம்" என்றார் கொப்பரைக்காரர்.

அவள் கதவுப் பக்கம் திரும்பி, சுவரில் சாய்ந்து, மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மகளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.